பிரசவத் தையலின் வலியும் அதன் நிவாரணமும்
(உப்பளத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் கடன், தவணை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். பிரசவமான ஸ்திரீயின் தையல் வலியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், சங்கம் என்பது குடும்பங்களின் சேர்க்கை. குடும்பத்தின் க்ஷேமம் தாயின் சரீரத்தைப் பொறுத்தது. பிள்ளை பெற்ற பத்தாம் நாளும் உட்கார இயலாமல், மலஜலம் கழிக்க அஞ்சி, பசியாற உண்ணாமல், பால் கொடுக்கவும் சிரமப்படும் தாய் ஒருத்தி இருக்கும் வீட்டில் வேறு எந்த அபிவிருத்தியும் சோபிக்காது. ஆகையால் இவ்விஷயம் சங்கத்திற்குப் புறம்பானதன்று.

பிரசவ வேதனையைத் தணிக்கலாம் என்பதையே உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. 1847 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் சிம்ப்ஸன் என்னும் வைத்தியர் பிரசவத்திற்குக் குளோரோபாரம் உபயோகித்தபோது, ஸ்திரீகள் அவ்வேதனையை அனுபவித்தே தீரவேண்டும் என்று பலர் ஆட்சேபித்தனர். 1853 இல் விக்டோரியா மகாராணியே அம்மருந்தை ஏற்றுக்கொண்ட பிறகு ஆட்சேபம் தணிந்தது. பிரசவத்தின் வேதனைக்கு இவ்வாறு பரிகாரம் தேடிய உலகம், பிரசவத்திற்குப் பிந்திய வேதனையை வெகுகாலம் கவனிக்கவில்லை. நம் வீடுகளிலும், "பிள்ளை பெற்றவளுக்கு வலிக்காமல் இருக்குமா?" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். வலி இயல்புதான், அதைத் தணிக்காமல் விடுவது இயல்பாகாது.

தையல் ஏன்?

குழந்தை வெளிவரும்போது பிறப்புவாயிலை அடுத்த தோலும் சதையும் சில சமயம் கிழிகின்றன. சில சமயம் வைத்தியரே சிறிது கத்தரித்து வழிசெய்கிறார். எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரிப்பது தகாது, அவசியமான இடத்தில் மட்டுமே செய்யவேண்டும் என்பது 2018 இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட சிபாரிசு. கிழிசலை நான்கு தரமாகப் பிரிப்பர். தோல் மட்டும் கிழிவது முதல் தரம். சதையும் கிழிவது இரண்டாம் தரம். ஆசனவாய்த் தசைவரை கிழிவது மூன்றாம் தரம். அதற்கும் உள்ளே செல்வது நான்காம் தரம். பின்னிரண்டும் சத்திரசிகிச்சைச் சாலையில் தேர்ந்த வைத்தியரால் தைக்கப்படவேண்டியவை.

புதுச்சேரியில் இக்காலத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நடைபெறுகின்றன. பிரெஞ்சு ஆட்சியில் 1823 இல் ஏற்பட்ட வைத்தியப் பாடசாலையின் வழிவந்து 1964 முதல் ஜிப்மர் என்று வழங்கும் ஸ்தாபனமும், எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள அரசாங்க மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரியும் உப்பளத்து ஜனங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. 2011 இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம், மருந்து, உணவு, வீடு திரும்பும் வண்டி ஆகியவை இலவசம். எனினும் அங்கே தங்கும் நாட்கள் சில. தையல் ஆறும் வாரங்கள் பல. வலியின் பெரும்பகுதி வீட்டில்தான் அனுபவிக்கப்படுகிறது.

எதிர்பாராமல் வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டால், 108 வண்டியை அழைத்துத் தாயையும் சேயையும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். கிழிசலின் ஆழத்தை வீட்டில் அறிய இயலாது. அதைத் தைக்கப் பயிற்சியும், சுத்தமான கருவியும், மரக்கச் செய்யும் ஊசிமருந்தும் வேண்டும். தைரியத்தை மட்டும் நம்பி வீட்டுப் பிரசவத்தை வேண்டுமென்றே மேற்கொள்வது ஆபத்து. 2018 ஜூலையில் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்த முயன்றதில், உதிரப்போக்கினால் ஓர் இளந்தாய் உயிர் நீத்தாள். இதை எவரும் மறத்தலாகாது.

தைக்கும் வேளையில்

தையல் போடுமுன் லிக்னோகைன் என்னும் மரக்கச் செய்யும் மருந்தை ஊசி வழியே செலுத்துவர். 1943 இல் சுவீடன் தேசத்தில் உண்டாக்கப்பட்ட மருந்து இது. அது ஏறச் சில நிமிஷங்கள் பிடிக்கும். தைக்கும்போது குத்துவது தெரிந்தால் தாய் அதைச் சொல்லவேண்டும். இன்னும் மருந்து செலுத்த இயலும். இதைச் சொல்வது முரண்டன்று, அவளுடைய உரிமை. பிரசவ அறையில் தாயை மரியாதையுடன் நடத்தவேண்டும் என்பது 2017 இல் இந்திய அரசாங்கம் ஆரம்பித்த லக்ஷ்யா திட்டத்தின் அம்சங்களுள் ஒன்று. இக்காலத்தில் போடும் நூல் பெரும்பாலும் தானே கரைந்துவிடுவது. சிறு நூல்துண்டு உதிர்வதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

1. குளிர்ச்சி: முதல் இரண்டு மூன்று நாட்களில் வீக்கத்தையும் வலியையும் தணிக்க இது எளிய வழி. ஐஸ் துண்டுகளைச் சுத்தமான பையில் இட்டு, துவைத்த மெல்லிய துணியில் சுற்றி, பத்து முதல் இருபது நிமிஷம் வைக்கவேண்டும். சில மணி நேரம் சென்று மறுபடி வைக்கலாம். ஐஸைத் தோலின்மேல் நேராக வைத்தால் தோல் புண்ணாகும். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திற்குச் செல்லும் ஐஸ் மீனுக்கு உரியது. அதன் நீர் காயத்தில் படலாகாது. வீட்டில் உறையவைத்ததே நல்லது.

2. மாத்திரை: வாய்வழி மருந்து தேவைப்படின் பாராசிடமாலே முதலாவது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022 இல் சிபாரிசு செய்துள்ளது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை உட்கொள்ளலாம். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேற்படலாகாது. ஐம்பது கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவரும், ஈரல் நோயுள்ளவரும் வைத்தியரைக் கேட்டுக் குறைந்த அளவே உட்கொள்ளவேண்டும். சளி, ஜுர மாத்திரைகள் பலவற்றில் இதே மருந்து கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்து உட்கொள்ளலாகாது. இது போதாவிடில் வைத்தியர் ஐபுப்ரோஃபென் கொடுப்பதுண்டு. அதை உணவுக்குப் பின் உட்கொள்ளவேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா, இரத்தக் கொதிப்பு உள்ளவர் அதைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. பால் கொடுக்கும் தாய்க்கு இவ்விரண்டும் ஏற்றவை. ஆஸ்பிரினைத் தவிர்க்கவேண்டும். கோடீன், டிராமடால் ஆகியவை பாலின் வழியே குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தக்கூடும். ஆதலால் வைத்தியர் எழுதித் தராமல் தொடலாகாது.

3. சுத்தம்: சிறுநீர் கழிக்கும்போது வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் எரிச்சல் குறையும். முன்னிருந்து பின்னாகத் துடைத்து, துணியால் ஒற்றி உலர்த்தவேண்டும். துணியை நாலு மணி நேரத்திற்கு ஒரு முறையாவது மாற்றி, மாற்றுமுன்னும் பின்னும் சோப்பினால் கைகழுவவேண்டும். நீரில் உப்புப் போட்டு உட்காரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இங்கிலாந்தில் 1,800 தாய்மாரைக் கொண்டு நடத்தி 1988 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உப்பினால் தனிப் பலன் ஒன்றும் காணப்படவில்லை. உப்பின் பேரால் விளங்கும் உப்பளத்திலும் சுத்தமான வெந்நீரே போதும்.

4. மலச்சிக்கல்: தையல் பிரிந்துவிடும் என்று அஞ்சி மலத்தை அடக்குவது வலியை இரட்டிப்பாக்கும். தையல் அவ்விதம் எளிதில் பிரியாது. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாதென்று தாகத்திற்கும் கொடாதிருப்பது தவறான பத்தியம்; அது மலத்தை இறுக்கி, தையலை நோகச் செய்கிறது. தண்ணீர், கீரை, காய், பழம் யாவும் வேண்டும். பாட்டிமார் தரும் லேகியமும் ரசமும் உணவோடு இருக்கலாம். தண்ணீருக்கு அவை பதிலாகா.

5. படுக்கையும் அசைவும்: ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுத்தால் காயத்தின்மேல் பாரம் விழாது. வீட்டினுள் சிறிது நடப்பது நன்று. குடம் தூக்குவது கூடாது.

செய்யத்தகாதவை

காயத்தின்மேல் மஞ்சள், சாம்பல், எண்ணெய், அரைத்த இலை ஆகிய எதையும் பூசலாகாது. நெருப்பனல் காட்டலாகாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பையும் வைத்தியர் சொல்லாமல் தடவலாகாது. காயம் ஆறித் தாய் தானே மனம் ஒப்பும்வரை தாம்பத்திய உறவுக்குக் கணவன் வற்புறுத்தலாகாது. இக்கடைசி வார்த்தை ஆண் அங்கத்தினர்களுக்கே உரியது.

உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள்

வலி நாளுக்கு நாள் குறைவதே இயற்கை. அதற்கு மாறாக வளருமானால் அது எச்சரிக்கை. ஒரு மணி நேரத்திற்குள் துணி முழுவதும் நனையும் உதிரப்போக்கு. ஜுரம் அல்லது நடுக்கம். துர்நாற்றம் அல்லது சீழ். தையல் பிளந்து காணுதல். ஒரு பக்கம் வீங்கி ஆசனவாயை அழுத்துவது போன்ற கடும் வலி. சிறுநீர் கழிக்க இயலாமை. மலமோ வாயுவோ அடங்காமை ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் புறப்படவேண்டும். மலம் அடங்காமையை வெட்கத்தினால் மறைத்து வருஷக்கணக்கில் துன்புறும் ஸ்திரீகள் உண்டு. அது சிகிச்சைக்கு உரிய நோய், குற்றமன்று.

சங்கம் செய்யக்கூடியது

உடல் வெப்பமானி ஒன்று, ரப்பர் ஐஸ் பை இரண்டு, வாய் குறுகிய நீர்க்குப்பிகள் சில, வெளுத்த துணிக்கட்டுகள் சில ஆகியவற்றைப் பொதுநல நிதியிலிருந்து வாங்கிச் சங்கம் வைத்துக்கொள்ளலாம். பையும் வெப்பமானியும் இரவலாக வீடுதோறும் போய் வரலாம். குப்பியும் துணியும் அடக்க விலைக்குத் தரலாம். மேற்சொன்ன அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சங்கச் சுவரில் ஒட்டலாம். பிரசவமான வீட்டிற்குப் பெண் அங்கத்தினர் ஒருவர் சென்று, "வலி எப்படியிருக்கிறது?" என்று தாயினிடமே கேட்டு வரலாம். மாமியாரிடம் கேட்டால் கிடைக்கும் விடை வேறு. தாயிடம் கேட்டால் கிடைக்கும் விடை வேறு.

தவணை தவறிய சிறு கடன் வட்டியுடன் வளர்ந்து நிலத்தையே விழுங்குவதை அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். கவனியாத வலியும் அத்தகையதே. முதல் வாரத்தில் ஒரு துண்டு ஐஸும், சில மாத்திரையும், ஒரு சொம்புத் தண்ணீரும், ஓர் அன்பான கேள்வியும் அதைத் தீர்க்கும். இச்சிறு உபகாரத்தை ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுத் தாய்க்குத் தவறாமல் செய்யுமாக.