என்ஜினில் எண்ணெய்க் கசிவும் வடிகட்டித் தேர்வும்



கொங்கு நாட்டு உழவருக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்கள், 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரங்களில், மழையை நம்பிய புன்செய் நிலம் வைத்திருந்த பல குடும்பங்கள் லாரித் தொழிலில் இறங்கின. இன்று தேங்காயும் மஞ்சளும் காய்கறியும் சந்தைக்கு ஏற்றிச் செல்ல, சிறு உழவரும் டிராக்டரோ, 2005-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து நாம் 'குட்டி யானை' என்று பெயர் வைத்த சிறு லாரியோ, பழைய பெரிய லாரியோ வைத்திருக்கிறார். பெரும்பாலும் அது கடனில் வாங்கிய வண்டி. என்ஜின் பழுதாகி நின்றாலும் தவணை நிற்காது. ஆகவே டீசல் என்ஜினில் எண்ணெய்க் கசிவைக் கண்டறிவது பற்றியும், பில்டர் என்று நாம் சொல்லும் வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் இவ்வுரையில் கூற விரும்புகிறேன்.

இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கசிவு பல நேரங்களில் நோயின் அறிகுறியே தவிர, நோய் அன்று. வடிகட்டி சரியில்லாவிட்டால் தூசி உள்ளே செல்கிறது. தூசி பிஸ்டன் ரிங்குகளைத் தேய்க்கிறது. தேய்ந்த ரிங்குகளின் வழியே எரிவாயு கீழே இறங்கி, ஆயில் சேம்பருக்குள் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்த அழுத்தம் எண்ணெயைச் சீல்களின் வழியே வெளியே தள்ளுகிறது. இந்நிலையில் சீலை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் அதே இடத்திலோ வேறிடத்திலோ மீண்டும் ஒழுகும்.

ஒரு துளியின் கணக்கு

'சொட்டுச் சொட்டாகத்தானே போகிறது' என்று விட்டுவிடக் கூடாது. பத்து விநாடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகினால் மணிக்கு 360 துளி. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 3,600 துளி. ஏறக்குறைய 20 துளி ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால், நாளைக்கு 180 மில்லி. ஆறு நாளில் ஒரு லிட்டருக்கு மேல். சிறு லாரியின் என்ஜினில் உள்ள மொத்த எண்ணெயே சில லிட்டர்தான். அளவு குறைந்தது தெரியாமல் பாரத்துடன் மேட்டில் ஏறினால் பேரிங்கு பிடித்துக்கொள்ளும். கிராங்க் வரை சேதம் போகும். மேலும், சூடான டர்போ மீதும் புகைக்குழாய் மீதும் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வைக்கோலும் பஞ்சும் தேங்காய் நாரும் ஏற்றுவோர் இதை மறக்கலாகாது.

ஒழுகுவது எது?

இரவில் வண்டியின் கீழ் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் விழுந்ததைத் தொட்டும் முகர்ந்தும் பாருங்கள்.

1. கறுத்து வழவழப்பாக இருந்தால் என்ஜின் எண்ணெய்.
2. பொன்னிறத்தில் கெட்டியாக, கந்தகம் போன்ற நெடியுடன் இருந்தால் பெரும்பாலும் கியர் எண்ணெய்.
3. நீர்த்துப் பரவி, மண்ணெண்ணெய் போன்ற வாடை வீசினால் டீசல்.
4. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தண்ணீர் போல் இருந்தால் ரேடியேட்டர் நீர்.

அளவுக் குச்சியும் பல செய்திகளைச் சொல்லும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையே இருப்பது முறை. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கசிவுக்கு ஒரு காரணம். நீங்கள் ஊற்றாமலே அளவு உயர்ந்து, எண்ணெய் நீர்த்துப்போயிருந்தால் டீசல் உள்ளே கலக்கிறது. பால் கலந்த காப்பி போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. இவ்விரு நிலையிலும் என்ஜினை இயக்காமல் மெக்கானிக்கை அழைப்பதே நலம்.

எங்கிருந்து ஒழுகுகிறது?

எண்ணெய் சொட்டும் இடம் வேறு, புறப்படும் இடம் வேறு. மேலே டேப்பெட் கவரில் கசிந்தது கீழே ஆயில் சேம்பரின் ஓரத்தில் வந்து சொட்டும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே பார்ப்பதற்கு முன் துடைக்க வேண்டும்.

என்ஜின் ஆறிய பிறகு, டீசலில் நனைத்த பிரஷ்ஷால் அழுக்கை நன்றாகக் கழுவித் துணியால் ஈரமின்றித் துடையுங்கள். ஆல்டர்னேட்டர் மீதும் காற்று உள்ளே போகும் வழியிலும் ஈரம் படக் கூடாது. நன்கு உலர்ந்ததும், ஐயமுள்ள இணைப்புகளின் மேல் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பின்னர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, என்ஜினைப் பதினைந்து நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டு அணையுங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ, அதுவே கசிவின் ஊற்று. மேலிருந்து கீழாகப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது வேட்டியும் துண்டும் விசிறியில் மாட்டாதபடி எச்சரிக்கையாக இருங்கள்.

டேப்பெட் கவர் பேக்கிங், வடிகட்டி உட்காரும் இடம், டிரெயின் போல்ட்டின் வாஷர், டர்போவுக்குச் செல்லும் எண்ணெய்க் குழாய், கிராங்கின் முன் சீல் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் சொட்டினால், முகர்ந்து பாருங்கள். என்ஜின் எண்ணெயாயின் கிராங்கின் பின் சீல். கியர் எண்ணெயாயின் கியர் பாக்ஸ் சீல். இந்த வேறுபாடு தெரிந்தால் வீணாக ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பிரிக்க வேண்டியதில்லை. காற்றுப் பிரேக் உள்ள லாரியில், காற்றுத் தொட்டியைத் திறந்து நீரை வெளியேற்றும்போது எண்ணெய் மிகுதியாக வந்தால் கம்ப்ரசர் தேய்ந்துள்ளது என்று அறியலாம். வெளியே எங்கும் கசிவில்லாமல் அளவு மட்டும் குறைந்து, நீலப் புகை வந்தால், எண்ணெய் உள்ளே எரிகிறது.

மூச்சுக் குழாயை முதலில் பாருங்கள்

பின் சீலை மாற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கூலியும் மிகுதி, வண்டியும் நிற்கும். அதற்கு முன் பிரீதர் என்னும் மூச்சுக் குழாயைப் பாருங்கள். அதில் அழுக்கு அடைத்திருந்தாலே எல்லாச் சீல்களிலும் எண்ணெய் தலைகாட்டும். அடைப்பை நீக்கிச் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். அடைப்பில்லாமலே பிரீதரிலிருந்து புகை குபுகுபுவென்று விட்டுவிட்டுத் தள்ளினால் ரிங்குகள் தேய்ந்துள்ளன என்று கருதலாம். சிறிதளவு ஆவி வருவது இயல்பே. பழைய வண்டி வாங்குவோரும் விலை பேசுமுன் இதைப் பார்த்துக்கொள்வது நன்று.

வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தல்

மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலமோ சில மைக்ரான்தான். ஆகவே கண்ணுக்குத் தெரியாத தூசியே என்ஜினை அரைக்கிறது. அதைப் பிடிப்பதுதான் வடிகட்டியின் வேலை.

மரை பொருந்தினால் போதும் என்று எண்ணி வாங்குவது தவறு. எண்ணெய் வடிகட்டியினுள் ஒரு மாற்றுவழி வால்வு உண்டு. தாள் அடைத்துக்கொண்டால், என்ஜின் எண்ணெயின்றிப் போகாதிருக்க, அது திறந்து எண்ணெயை வடிகட்டாமலே அனுப்பும். அது திறக்கும் அழுத்தம் என்ஜினுக்கு என்ஜின் மாறுபடும். மலிவுப் பொருளில் வில் தளர்வாக இருந்தால் எப்போதும் அழுக்கு எண்ணெயே ஓடும். நாளாகியும் மாற்றாத நல்ல வடிகட்டியும் இதே நிலைக்குத்தான் வரும். எண்ணெய் வடிந்துவிடாமல் தடுக்கும் மற்றொரு வால்வும் பல வடிகட்டிகளில் உண்டு. அது கெட்டிருந்தால் காலையில் எண்ணெய் விளக்கு அணையத் தாமதமாகும். என்ஜின் 'கடகட' என்று ஒலிக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. கையேட்டில் உள்ள பாக எண்ணைக் குறித்துக்கொண்டு சென்று ஒப்பிட்டு வாங்குங்கள்.
2. தாள் மடிப்புகள் சீராகவும், பசை விடாமலும், ரப்பர் வளையம் மிருதுவாகவும் இருக்க வேண்டும்.
3. பெட்டியில் தயாரிப்புத் தேதி, தொகுதி எண், விலை தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். விலை மிகக் குறைவாயின் போலி என ஐயுறுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.
4. பழைய பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். போலி அடைத்து விற்பார்க்கு அது பயன்படக் கூடாது.

மாட்டும்போது பழைய ரப்பர் வளையம் என்ஜினில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். புதிய வளையத்தில் எண்ணெய் தடவி, கையால் இறுக்கினால் போதும். கழற்றிய வடிகட்டியை அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் துகள் தென்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

செம்மண் காட்டில் உழுவோரும், நார்த் தூசியில் ஓட்டுவோரும் காற்று வடிகட்டியைத் தனிக் கவனத்துடன் பேண வேண்டும். தாள் வடிகட்டியைச் சக்கரத்தில் தட்டினாலும், பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடித்தாலும் தாள் கிழியும். மெல்லிய காற்றை உள்ளிருந்து வெளியே செலுத்துங்கள். உள்ளே உள்ள சிறிய பாதுகாப்பு வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் மாற்றிவிட வேண்டும். வடிகட்டிக்கும் என்ஜினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் விலையுயர்ந்த வடிகட்டியும் வீணே. டீசல் வடிகட்டியின் அடியில் தங்கும் தண்ணீரைத் தவறாமல் திறந்துவிடுங்கள்.

இறுதியாக ஒன்று. வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ ஊற்றாதீர்கள். நிலத்தடி நீர் கெடும். கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

நோய் முதல் நாடிய பிறகே மருந்து கொடுப்பது போல, ஊற்றைக் கண்ட பிறகே பணம் செலவிடுங்கள். நல்ல வடிகட்டியைக் காலத்தில் மாற்றி வந்தால், தவணை முடிந்த பின்னும் அந்த என்ஜின் உங்களுக்காக உழைக்கும்.