தெருவோர மரமும் சித்திரக்காரனும்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மாட்டுங்கா வீதி ஒன்றில் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்து, மரத்தை ஒரு முறையும் காகிதத்தை ஒரு முறையுமாக ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தால், வழியே செல்பவர்கள் அவனை நகராட்சியிலிருந்து அளவெடுக்க வந்தவன் என்று நினைப்பார்கள். அன்றேல் வேலையற்றவன் என்று எண்ணுவார்கள். இவ்விரு பட்டங்களையும் பல ஆண்டுகளாகச் சுமந்து வருபவன் நான். வார நாட்களில் மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பது என் தொழில். ஞாயிறு தோறும் தெருமரங்களை நீர்வர்ணத்தில் உள்ளது உள்ளபடியே தீட்ட முயல்வது என் பொழுதுபோக்கு.

மாட்டுங்கா வீதிகளில் மரங்கள் அடர்ந்து நிற்பது தற்செயல் அன்று. 1896-ஆம் ஆண்டில் பம்பாய் நகரைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கடியான குடியிருப்புகளே அதற்கு இடங்கொடுத்தன என்று அக்காலத்தார் கருதினர். 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றியது. தாதர், மாட்டுங்காப் பகுதிகளில் அகன்ற வீதிகளும் திறந்த வெளிகளும் அதன் திட்டத்தால் உருவானவை. அந்த டிரஸ்டில் பொறியாளராயிருந்த மஞ்சர்ஜி ஜோஷியின் பெயரை அங்குள்ள ஐந்து தோட்டங்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. ரயில் பாதைக்கு அப்பால் தாராவியின் குறுகிய சந்துகளில் நடந்துவிட்டு இவ்வீதிகளுக்குத் திரும்புகிறவனுக்கு, நிழல் எத்துணைப் பெரிய செல்வம் என்பதை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இங்கே கண்ணைக் கவர்வது தூங்குமூஞ்சி மரம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்து நம்மவரோடு கலந்துவிட்ட மரம் அது. மாலையில் இலைகளை மடக்கிக்கொள்ளும். ஆதலால் காலையில் கெட்டியான குடைபோலத் தோன்றிய மரம், மாலையில் வானம் தெரியும் சல்லடையாகிவிடுகிறது. இதை வீட்டிலிருந்து நினைவைக் கொண்டு எழுதிவிட முடியுமா?

வெளியே அமர்ந்து எழுதுவதில் வெயிலே முதல் ஆசிரியர். ஏழு மணிக்கு நடைபாதையில் கிடந்த நிழல், எட்டரை மணிக்குள் வேறிடம் போய்விடும். எனவே நிழலின் எல்லையை முதலிலேயே பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு அது எங்கே நகர்ந்தாலும் பின்தொடராமல் இருக்கவேண்டும். தார்ச்சாலையில் விழும் மரநிழல் கறுப்பு என்றே நாம் நினைக்கிறோம். உற்றுப் பார்த்தால் அதில் நீலமும் ஊதாவும் கலந்திருக்கும். இலைகளினூடே விழும் வெயில் வட்டங்களுக்கு வெள்ளை வர்ணம் பூசுவதில்லை. காகிதத்தின் வெண்மையையே அங்கங்கே தொடாமல் விட்டுவிடுகிறோம். நீர்வர்ணம் உலரும்போது வெளிறும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். மழைக்காலத்திலோ பம்பாய்க் காற்றின் ஈரத்தில் அது எளிதில் உலர்வதே இல்லை.

இத்துறைக்கு இந்நகரில் முன்னோர் உண்டு. மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் கையில் விளக்கேந்தி நிற்கும் பெண்ணின் சித்திரத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். தைல வர்ணமோ என மயங்கச் செய்யும் அந்த நீர்வர்ணச் சித்திரத்தை எழுதிய ஹல்தங்கர், பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்றவர். தமிழ்நாட்டிலோ, கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் முன்னே அமர்ந்து கோட்டோவியம் தீட்டிய ‘சில்பி’யை ‘ஆனந்த விகடன்’ வாசகர்கள் அறிவார்கள். எதிரிலுள்ள பொருளுக்குக் கட்டுப்பட்டு நிற்பதே இத்தகையோரின் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தில் நான் தவறிய கதையைச் சொல்லவே இன்று வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து எழுதினேன். அதன் அடியில் நம் ஊர்ப் பூக்கார அம்மாள் ஒருவர் கூடையோடு அமர்ந்திருப்பார். படம் முடிந்ததும் அவரிடம் காட்டினேன். மல்லிகை தொடுத்த கை நிற்காமலே அவர் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு ஸார். ஆனா, என் தலைக்கு மேல இருக்கிற கிளை பட்டுப்போச்சே! நீங்க பச்சையாப் போட்டிருக்கீங்களே?”

நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான். கிளையில் ஓர் இலையும் இல்லை. மாவுப்பூச்சி வெண்மையாக அப்பியிருந்தது. 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மும்பையின் பல பகுதிகளில் தூங்குமூஞ்சி மரங்களை வாட்டிய பூச்சி அது. அடிமரத்தைச் சுற்றிலும் சிமெண்டுத் தளம் இறுகியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். மூன்று வாரம் பார்த்தும் நான் பார்க்கவில்லை. மூலத்தில் தடுமாறும் வாக்கியத்தை மொழிபெயர்ப்பில் மெருகேற்றிவிடும் பழக்கம் என் தூரிகைக்கும் வந்துவிட்டது போலும்!

“படத்துக்கு அழகு வேண்டாமா, அம்மா?” என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். நகராட்சியின் மரப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுத எனக்குத் தெரியாதா? கடிதம் எழுதுவதுதானே என் பிழைப்பு! எழுதவில்லை.

அவ்வாண்டு ஜூலை மாதத்து இரவொன்றில் அக்கிளை முறிந்து, அந்த அம்மாள் அமரும் இடத்திலேயே விழுந்தது. பகலாயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது. சில மாதங்களில் மரமும் அகற்றப்பட்டது. இன்று அவர் எதிர்ப்புறத்தில், ஒரு குடையை நட்டுக்கொண்டு வெயிலில் அமர்ந்திருக்கிறார். அம்மரத்துக்கு என்னிடம் உள்ள ஒரே சாட்சி அந்தப் படம். அதுவும் பொய்ச்சாட்சி.

படத்தை நான் திருத்தவில்லை. அதன் பின்புறத்தில் நடந்ததை எழுதி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எந்த மரத்தின் முன் அமர்ந்தாலும், பட்ட கிளைகளையும் அடியில் இறுகிய சிமெண்டையும் முதலில் வரைகிறேன். பச்சையைப் பிறகுதான் தொடுகிறேன். இதுவரை மூன்று கடிதங்களும் எழுதியிருக்கிறேன்.

நேயர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு உங்கள் வாசல் மரத்தின் முன் ஒரு மணி நேரம் அமருங்கள். படம் நன்றாக வரவேண்டும் என்பதில்லை. மரத்தில் உள்ளதை விடாமலும், இல்லாததைச் சேர்க்காமலும் வரைந்து பாருங்கள்.