கணினி வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

(அசோக் நகரில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரிகள் திறக்குங் காலம் நெருங்கும்போது நமது கல்வி நிதிக்கு விண்ணப்பங்கள் வருதல் வழக்கம். முன்னெல்லாம் சம்பளத்துக்கும் புஸ்தகத்துக்கும் உதவி கேட்டு எழுதுவார்கள். சில வருஷங்களாகக் கணினிக்கு உதவி கேட்போர் தொகை பெருகி வருகின்றது. அவ்விண்ணப்பங்களில் பெரும்பாலும் 'மடிக்கணினி' என்னும் ஒரே சொல்லைத்தான் காண்கின்றோம். மேசைக்கணினி வேண்டுமென்று எழுதுவோர் மிகவும் அரியர். மடிக்கணினியே ஏன் வேண்டுமென்று வினவினால், "எல்லோரும் அதைத்தானே வாங்குகிறார்கள்" என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை. நாற்பதினாயிரம் ரூபாய் என்பது நம்மவரிற் பலருக்கு இரண்டு மாதச் சம்பாத்தியம். அத்தகைய பொருளைச் செலவிடுங்கால் பிறர் செய்வதைப் பார்த்துச் செய்தல் போதுமா? இதுபற்றியே இன்று சில வார்த்தைகள் பேச முன்வந்தோம்.

எமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். இரண்டு யந்திரங்களில் எது சிறந்தது என்பது இரண்டாங் கேள்வி. வீட்டில் யார் யார் அதன்முன் அமரப் போகின்றனர் என்பதே முதற் கேள்வி. முதற் கேள்விக்கு நேர்மையாக விடை கூறுவோர்க்கு இரண்டாங் கேள்வி தானே தீர்ந்துவிடும்.

கையில் எடுத்துச் செல்லத்தக்க கணினியின் சரித்திரத்திற்கு நம் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்புண்டு. திருவண்ணாமலையில் ரமண மகரிஷிகளின் அடியாராய் வாழ்ந்த ஆர்தர் ஆஸ்பர்ன் என்னும் ஆங்கிலேயரின் புதல்வர் ஆடம் ஆஸ்பர்ன். இளமைப் பருவத்தை அவ்வூரிலே கழித்த அவர், பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, 1981-ம் வருஷத்தில் 'ஆஸ்பர்ன் 1' என்னும் கணினியை வெளியிட்டார். சுமந்து செல்லத்தக்க கணினிகளுள் வியாபாரத்தில் வெற்றி பெற்ற முதலாவது அதுவே என்பர். அதன் எடை ஏறக்குறைய 11 கிலோ. திரை 5 அங்குலம். விலை 1,795 டாலர். இத்துணைக் குறைகளிருந்தும் ஜனங்கள் அதனை விரும்பி வாங்கினர். எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் வேண்டிய மென்பொருள்கள் யாவற்றையும் அவ்விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தமையே அதற்கு ஒரு முக்கிய காரணம். 1983-ல் அக்கம்பெனி முறிந்தது. ஆஸ்பர்ன் 2003-ல் கொடைக்கானலில் காலமானார். வியாபாரம் நிலைக்கவில்லையாயினும் அதனால் விளங்கிய பாடம் நிலைத்து நிற்கின்றது: வாங்குவோர் பார்க்க வேண்டுவது பெட்டியின் விலையை மாத்திரமன்று, வேலை தொடங்கும் நாளில் ஆகியிருக்கும் முழுச் செலவையே.

இனி, நம் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் செய்ததைக் கவனிப்போம். 2011-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி, திருவள்ளூரை அடுத்த காக்களூரில், அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்குந் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பின்வந்த ஆண்டுகளில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் மாணவர் அதனால் பயனடைந்தனர். பின்னர், 2025-26-ம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில், இருபது லட்சம் கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதற்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆனால் அதே அரசாங்கத்தார், பள்ளிக்கூடங்களில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைத்தபோது, இடம்விட்டு நகராத கணினிகளையே வரிசையாக வைத்தனர். இதன் காரணம் யாது? ஊர்விட்டு ஊர் சென்று படிக்கும் ஒருவனுக்கு அவனோடு செல்லும் கருவி வேண்டும். ஒரே இடத்திற் பலர் மாறி மாறி உபயோகிப்பதற்கு நிலையான கருவி வேண்டும். இந்த நியாயம் வீட்டுக்கும் பொருந்தும்.

நம் வீடுகளில் நடப்பதைச் சிறிது யோசித்துப் பாருங்கள். மகனுக்கு என்று மடிக்கணினி வாங்கப்படுகின்றது. அவன் அதனைப் பையில் இட்டுக்கொண்டு காலையிற் புறப்படுகின்றான். மாலையில் வந்தால் அறைக் கதவு சாத்தப்படுகின்றது. விடுதியில் சேர்ந்தாலோ யந்திரமும் அவனோடு வீட்டைவிட்டுப் போய்விடுகின்றது. பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கு எஞ்சுவது தகப்பனார் இரவில் வந்து கொடுக்கும் கைப்பேசி ஒன்றே. 2020-ம் வருஷம் மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின், ஒரு கைப்பேசிக்கு இரண்டு மூன்று குழந்தைகள் காத்திருந்ததை நாம் எல்லோரும் அறிவோம். அந்நாட்களில் முதலில் விட்டுக்கொடுக்கும்படி சொல்லப்பட்டவர் யார் என்று ஒவ்வொருவரும் தம் வீட்டை நினைத்துப் பார்த்தல் நலம். பெண் கல்வியைப் பற்றி மேடையிற் பேசுவது எளிது. வீட்டுக் கணினி யார் கையில் இருக்கின்றது என்பதே அப்பேச்சிற்குப் பரீட்சை.

கூடத்தில் ஒரு மேசையின்மேல் வைக்கப்பட்ட கணினி ஒருவருக்கு உரியதன்று, வீட்டுக்கே உரியது. மகனும் மகளும் நேரம் வகுத்துக்கொண்டு படிக்கலாம். தாயார் மின்சாரக் கட்டணம் செலுத்தலாம். தாத்தா ஓய்வூதிய விஷயங்களைப் பார்க்கலாம். கடை வைத்திருப்பவர் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதலாம். சிறுவர் எதைப் பார்க்கின்றனர் என்பதும் பெரியோர் கண்ணிற் படும். பெரிய திரையும் தனி விசைப்பலகையும் இருத்தலால் கழுத்தைக் குனிந்து வருத்த வேண்டுவதில்லை.

செலவைப் பற்றிக் கூறுவோம். மேசைக்கணினி மலிவு என்று கேள்விப்பட்டு, பெட்டியை மட்டும் விலைபேசி வருவோர் பலர். திரை, விசைப்பலகை, சுட்டி, மின்சாரம் நின்றால் தாங்கும் யு.பி.எஸ்., இணையவகுப்புக்கு வேண்டிய காமிரா, ஒலிவாங்கி, சிலவற்றில் வைஃபை கருவி ஆகிய யாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மடிக்கணினியில் இவையெல்லாம் உள்ளேயே அடங்கியிருக்கின்றன. முதல் நாட் கணக்கில் அதுவே சில சமயம் மலிவாகவுந் தோன்றும். ஆனால் நான்காம் வருஷத்துக் கணக்கு வேறு. மேசைக்கணினியில் விசைப்பலகை கெட்டால் சில நூறு ரூபாயில் வேறொன்று வாங்கலாம். ரேம் என்னும் நினைவகம் போதாவிடின் இன்னொன்று செருகலாம். மடிக்கணினியில் பாட்டரி தளரும், கீல் முறியும், திரை உடைந்தால் செலவு ஆயிரக்கணக்கில் ஏறும். பல புதிய மடிக்கணினிகளில் ரேம் உட்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருத்தலால், வாங்கிய நாளில் இருந்த அளவே கடைசி வரையில். ஆகையால் மடிக்கணினி வாங்குவோர் இப்பொழுது 8 ஜி.பி.க்குக் குறைந்ததைத் தொடவேண்டாம். பின்னர் கூட்ட இடமுண்டா என்றுங் கேட்டறிக. 2025-ம் வருஷக் கடைசியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகங்களை மிகுதியாக வாங்கியதனால் அதன் விலை உலகெங்கும் ஏறியது. ஆதலின் சென்ற வருஷத்து விலையை நம்பிப் பணம் ஒதுக்குதல் கூடாது.

மின்சாரச் செலவைக் கண்டு அஞ்சுவோர்க்கு ஒரு கணக்கு. திரையோடு 120 வாட் இழுக்கும் மேசைக்கணினி நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட் ஆகும். 40 வாட் இழுக்கும் மடிக்கணினிக்கு 12 யூனிட். வித்தியாசம் 24 யூனிட்டே. இதற்காக ஒன்றை விலக்க வேண்டுவதில்லை. ஆனால் மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊர்களில் உள்ள நம் உறவினர்க்கு மடிக்கணினி ஒரு பெரிய சகாயம் என்பதை மறுக்கமாட்டோம். அசோக் நகரிலும் ஜாபர்கான்பேட்டையிலும் தரைத்தளத்தில் வசிப்போர் 2015-ம் வருஷம் டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்கமாட்டார்கள். மேசைக்கணினியின் பெட்டியைத் தரையில் வையாது உயரத்தில் வைத்தல் அவர்க்கு அவசியம்.

பழைய யந்திரம் வாங்குவதில் இழிவு ஒன்றுமில்லை. பெருங்கம்பெனிகள் சில வருஷம் உபயோகித்துக் கழித்த மேசைக்கணினிகள், செப்பனிடப்பட்டு, அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் விற்கப்படுகின்றன. அங்குச் செல்வோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். விண்டோஸ் 10-க்குரிய இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல் 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு பொதுவாக நிறுத்தப்பட்டது. இன்டெல் செயலியாயின், பெரும்பாலும் எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டதுமே விண்டோஸ் 11-க்கு முறைப்படி ஏற்றவை. அதனினும் பழையது மிக மலிவாகக் கிடைத்தால், லினக்ஸ் போட்டுக்கொள்ள அறிந்தவர் மாத்திரம் வாங்கலாம். பழைய தட்டு வகைக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. இருக்கின்றதா என்று பாருங்கள். வேகத்திற்கு அதுவே உயிர். ரசீதும், எழுத்தில் உத்தரவாதமும் இன்றிப் பணம் கொடாதீர்கள். பழைய மடிக்கணினியாயின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, அரைமணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்த பின்னரே விலை பேசுக. 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தைக் கண்டால், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டபின் கையொப்பமிடுக.

ஆகவே எமது முடிவு இது. விடுதியிலோ வெளியூரிலோ படிப்பவர்க்கும், கல்லூரியில் நாள்தோறும் யந்திரத்தைக் கொண்டுவரப் பணிக்கப்பட்டவர்க்கும், ஒரே அறையில் வாழ்ந்து மேசை போட இடமில்லாதவர்க்கும் மடிக்கணினியே தகும். வீட்டிலிருந்து படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளுள்ள குடும்பத்திற்கு மேசைக்கணினியே தகும். முன்னரே மடிக்கணினி வாங்கிவிட்டவர், பழைய திரை ஒன்றையும் விசைப்பலகை ஒன்றையும் அதனோடு இணைத்துக் கூடத்தில் வைத்தால், இரண்டின் பயனையும் ஒருவாறு பெறலாம்.

சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள் செய்துகொள்கின்றோம். முதலாவது, அரசாங்கத் திட்டத்தில் மாணவர் அடங்குவாரா என்று கல்லூரியில் விசாரித்தறிந்த பின்னரே நமது நிதியிலிருந்து உதவுதல் வேண்டும். இரண்டாவது, விண்ணப்பத் தாளில் "வீட்டில் படிக்கும் மற்றப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர் எதில் படிக்கின்றனர்" என்னும் கேள்வியைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, சங்கக் கட்டடத்தின் மாடி அறையில் ஐந்து மேசைக்கணினிகள் வைத்து, மாலை வேளைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும். பெண்குழந்தைகள் தாயாருடன் வந்து அச்சமின்றிப் படிக்க அங்குத் தனி நேரமும் ஒதுக்கலாம். ஐந்து பேருக்கு ஐந்து மடிக்கணினி கொடுத்தால் ஐந்து பேரே படிப்பர். இவ்வறையிலோ வருஷந்தோறும் ஐம்பது பேர் படிக்கக்கூடும்.

கலியாணத்தில் ஒரு வேளை விருந்துக்கு நாம் கூசாமற் செலவிடும் பொருளில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். இவ்வறைக்கு முதல் மேசையை வாங்கித் தரும் குடும்பம் எது என்பதை இக்கூட்டம் கலையுமுன் அறிய விரும்புகின்றோம்.