எந்தக் கோபுரம்?

காஞ்சிபுரத்துக்கு வந்துபோன வெளிநாட்டு ஓவியர்களின் படங்களில் பெரும்பாலும் ஒரு கோபுரம் நிற்கும். அடியில் 'காஞ்சீவரம்' என்று மட்டும் எழுதியிருக்கும். தெருவுக்கொரு கோயில் உள்ள ஊரில் இந்தக் குறிப்பு போதாது. 1873 நவம்பரில் பம்பாயில் வந்திறங்கி, மறு ஆண்டு தென்னாட்டைச் சுற்றிய எட்வர்டு லியர் இதில் விதிவிலக்கு. இடம், நாள், எங்கே என்ன நிறம் என்பதையெல்லாம் படத்தின் மேலேயே கிறுக்கி வைப்பார். மற்றவர்கள் அவ்வளவு பொறுப்பானவர்கள் அல்லர்.

கோபுரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. விஜயநகரக் காலத்துக் கோபுரங்கள் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். சுதையும் வண்ணமும் ஒவ்வொரு திருப்பணியிலும் மாறும். அக்கம்பக்கம்தான் காட்டிக்கொடுக்கும். குளத்துக்குள் நீராழி மண்டபமும் அருகே நூற்றுக்கால் மண்டபமும் இருந்தால் அது சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயில். 1979இலும் 2019இலும் அத்திவரதர் சிலை வெளியே எடுக்கப்பட்டது அந்த அனந்தசரஸ் குளத்திலிருந்துதான். உயர்ந்த கோபுரமே இல்லாமல், முன்னால் வரிசையாக எட்டுச் சிறு சந்நிதிகளும் எதிரே வெட்டவெளியில் தனியாக ஒரு நந்தியும் இருந்தால், எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயில்.

வெயிலும் சாட்சி சொல்லும். கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் தெற்கு பார்த்தது. வரதராஜர் கோயில் ராஜகோபுரம் மேற்கு பார்த்தது. ஆனி மாதக் காலையில் சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே எழுவதால் தெற்கு முகம் நிழலில் கிடக்கும். மார்கழியில் அதே முகம் காலை முதலே வெயிலில் இருக்கும். நாள் குறித்த படமானால் இதை ஒத்துப் பார்க்கலாம். ஊருக்குத் திரும்பிய பிறகு ஓவியர் தம் இஷ்டத்துக்கு வெயில் பூசியிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

அச்சுப் படத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. செப்புத் தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். செதுக்கியவர் அதை முன்கூட்டியே மாற்றிச் செதுக்காவிட்டால், கோபுரத்தின் வலப்புறம் இருந்த குளம் இடப்புறம் போய்விடும்.

தெருவையும் விடக் கூடாது. தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டிப் பாவு ஆற்றுவது தெரிந்தால், அது தேரடி வீதியாக இருக்க வாய்ப்புக் குறைவு; பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதியைத் தேட வேண்டும். படத்தில் இரண்டு கோபுரங்கள் இருந்தால் வேலை இன்னும் எளிது. ஒன்று மற்றதை எவ்வளவு மறைக்கிறது என்பதை நேரில் நடந்து ஒப்பிட்டால், ஓவியர் எந்தத் தெருவில் நின்றார் என்பது வரை நெருங்கிவிடலாம்.