கொக்கின் கழுத்தைப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பறவைகளைப் படம் பிடிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு முதுமலைக்குப் போக வேண்டியதில்லை, பிள்ளைச்சாவடிக் கடற்கரையிலேயே தொடங்கலாம் என்பது என் கட்சி. பஸ் ஏறினால் ஊசுட்டேரி, பாகூர் ஏரி.

கொக்குன்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு கேட்பீங்க. இல்லை. கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் இருந்தால் சின்ன வெள்ளைக்கொக்கு. அந்தப் பாதத்தால் சேற்றைக் கலக்கி, மிரண்டு ஓடும் மீனைக் கொத்தும். மாட்டின் பின்னாலும் டிராக்டர் பின்னாலும் போவது உண்ணிக்கொக்கு. முட்டையிடும் பருவத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே போகும்.

கிட்டே போவது எப்படி? நாம் போகக் கூடாது, அதை வரவிட வேண்டும். காலை வெயில் முதுகில் படும்படி வரப்போரம் ஆடாமல் உட்காருங்கள். இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால், "அங்கேயே நில்" என்று அர்த்தம். இன்னொன்று: கரும்பச்சை வயலில் சிறிதாகத் தெரியும் வெள்ளைப் பறவையைக் கண்டால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி ஆயிடும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

கூட்டுப் பக்கம் மட்டும் போகவே போகாதீங்க. தாய்ப்பறவை எழுந்து பறந்தால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கைக்கும் இரையாகும். பயந்து கிளை நுனிக்கு நகர்ந்த குஞ்சு கீழே விழும். ஒரு படத்துக்கு அந்த விலை அதிகம்.

நம் அழகு ஆசைக்குக் கொக்கு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மேனாட்டுச் சீமாட்டிகளின் தொப்பிக்காக, முட்டையிடும் பருவத்தில் முதுகில் வளரும் மெல்லிறகுக்குக் கூட்டிலேயே சுட்டார்கள். குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அதை எதிர்த்து 1889இல் இங்கிலாந்துப் பெண்கள் சங்கம் தொடங்கினார்கள். 1902இல் இந்திய அரசு இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. நம் வேடந்தாங்கல் மக்களோ 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக்கூடாதென்று கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள்.

ஊசுட்டேரியின் புதுவைப் பகுதி 2008இல் சரணாலயமானது. ஆனால் கொக்கு மேயும் வயலுக்கும் வாய்க்காலுக்கும் வேலி கிடையாது, காவலரும் கிடையாது. அங்கே நாம்தான் காவல். மாணவர்களே, படத்தோடு தேதி, இடம், எண்ணிக்கையையும் நோட்டில் குறித்து வையுங்கள். நாளை ஒரு குளம் தூர்ந்து போனால், அங்கே என்ன இருந்ததென்று சொல்ல அந்த நோட்டு சாட்சியாக நிற்கும்.