மலர்களால் தமிழ் கற்பித்த கபிலர்



தென்பெண்ணையாற்றின் தென்கரையில் விளங்கும் திருக்கோவலூர் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. அந்தகாசுரனை இறைவன் சங்காரம் செய்தருளிய பதி. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிப் பரவிய பதி. வீரட்டேசுவரர் திருக்கோயிலை வழிபட்டு ஆற்றங்கரைக்கு வருவோர், நீரோட்டத்தின் நடுவே ஒரு பெரும்பாறையையும் அதன் உச்சியில் சிறியதொரு சிவாலயத்தையும் காண்பர். கபிலர் குன்று என்பது அதன் பெயர்.

பாரி வள்ளல் மாண்ட பின்னர், அவன் மக்களைத் தம் மக்களாகவே கொண்டு வாழ்வு தேடியலைந்தவர் கபிலர். பாரிமகளை மலையமானுக்கு அளித்தபின் பெண்ணையாற்றுக் கல்லொன்றில் அவர் தீப்புகுந்தார் என்று, முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று வீரட்டானத் திருக்கோயிலிலேயே கூறுகின்றது. புலவர் மறைந்து பல நூற்றாண்டுகள் சென்ற பின்னும் அவர் நினைவைக் கல்லில் வெட்டி வைக்கத் திருக்கோயிற்சுவர் இடம் கொடுத்தது என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கபிலரைப் புலவராக அறிந்தோர் பலர். ஆசிரியராக அறிந்தோர் சிலரே. பத்துப்பாட்டில் எட்டாவதாகிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளை உடையது. ஆரிய அரசன் பிரகத்தன் என்பானுக்குத் தமிழை அறிவிக்கும் பொருட்டுக் கபிலர் அதனைப் பாடினார் என்பது நூலின் இறுதிக் குறிப்பு தரும் செய்தி. வேற்றுமொழி பேசும் மன்னன் ஒருவன் மாணவனாய் வந்தமர்ந்திருக்கின்றான். இலக்கண விதிகளிலிருந்து தொடங்கினாரா கபிலர்? இல்லை. மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றார். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்களைக் காட்டினார். அவர்கள் அருவியில் நீராடிப் பூப்பறித்துப் பாறைமேல் குவிக்கும் காட்சியைக் காட்டினார். தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கு எடுத்துரைக்கும் பாங்கினில் தமிழரின் அக வாழ்வையே விரித்து வைத்தார்.

அப்பாறைமேல் குவிந்த பூக்கள் 99 என எண்ணுவது மரபு. காந்தள், வெட்சி, வேங்கை, கொன்றை, கூவிளம், துழாய், தில்லை என்று பெயர்கள் அடுக்கடுக்காய் வருகின்றன. கூவிளம் என்பது வில்வம். துழாய் என்பது துளசி. இன்றும் அருச்சனைத் தட்டில் இருப்பவை அவை. மலைப்பாட்டில் கடற்கரை அடும்பும் தாழையும் எப்படி வந்தன என்று கேட்பாரும் உண்டு. பாடம் சொல்லும் ஆர்வத்தில் எல்லை தாண்டாத நல்லாசிரியர் எவர்?

இந்தப் பூக்களில் சில ஒருகாலத்தில் உதிர்ந்தே போயின. ஏட்டுச்சுவடிகளில் மூல பாடம் சிதைந்து, சில மலர்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டு அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், அவற்றைத் தேடித் தருமபுரம் ஆதீனத்து ஏடுகளில் கண்டெடுத்தார். அவ்வனுபவத்தை ‘உதிர்ந்த மலர்கள்’ என்னும் கட்டுரையில் எழுதியும் வைத்தார். ஓலையும் எழுத்தாணியும் ஒருகாலத்துத் தொழில்நுட்பம். அச்சுப்பொறி பிறிதொரு காலத்துத் தொழில்நுட்பம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வேளையில் விழவிருந்ததை, ஒரு சைவ மடத்தின் ஏட்டுக்கட்டு தாங்கிப் பிடித்தது.

திருக்கோவலூருக்கு மேற்கே, அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மறுகோடியில், கல்வராயன் மலை நிற்கின்றது. 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. கோமுகியாறு பிறக்கும் அம்மலையில், சாமையும் தினையும் விளைவித்து வாழ்பவர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயர் அவ்வாறாயினும் அவர்தம் மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து கரியராமர் என்னும் தெய்வத்தோடு மலையேறியவர் தம் முன்னோர் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. 1976-ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. பள்ளிக்கூடமும் சாலையும் அங்கே பிந்தியே வந்தன.

இம்மலைக் குழந்தை வகுப்பறைக்குள் நுழையும்போது வெறுங்கையோடு வருவதில்லை. எந்த மரம் எம்மாதத்தில் பூக்கும், எந்தப் பூவில் தேனீ மொய்க்கும், எந்தப் பூ எச்சாமிக்கு ஆகும் என்பதெல்லாம் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்த செய்திகள். ஆயினும் அந்த அறிவுக்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை. கேட்பாரற்ற சொல், ஒரு தலைமுறைக்குள் ஓலையினும் விரைவாகச் செல்லரித்துப் போகும்.

தமிழகத்துப் பாடநூல்களில் 2018-ஆம் ஆண்டு முதல் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வித் தொலைக்காட்சியும் கைபேசியுமே வகுப்பறையாயின. கைபேசி அலை எட்டாத மலையூர்களுக்கு அந்த வகுப்பறையும் எட்டவில்லை. கருவியை நம்பியிருந்தோர் அன்று கற்றது கொஞ்சமன்று. அதற்காகக் கருவியைப் பழிப்பதும் முறையாகாது. எழுத்தாணியைக் கபிலர் பழித்தாரில்லை.

கபிலர் இன்று வெள்ளிமலையில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துவாராயின் என்ன செய்வார்? குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பெயர்களைப் பலகையில் எழுதி, “உங்கள் ஊரில் இவற்றுள் எவை உண்டு? அங்கே என்ன பெயர்?” என்று கேட்பார். பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று பாட்டியைக் கேட்பர். கோயிற் பூசாரியைக் கேட்பர். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர்; முருகப்பெருமானுக்கு உகந்தது. ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. அதனைப் பறிக்கவும் தோண்டவும் வேண்டா. ஆசிரியரின் கைபேசியில் படம் எடுத்தால் போதும். அப்படத்தைப் பார்த்துத் தாவரவியற் பெயரைச் சொல்லும் செயலிகள் இப்போது உள்ளன. அவை சில வேளை தவறாகவும் சொல்லும். பாட்டி வழங்கும் பெயரையோ சொல்லவே மாட்டா. அப்பெயரைப் படத்தின் கீழே எழுத வேண்டியவர் அக்குழந்தையே. அந்தக் கணத்தில் மாணவர் ஆசிரியராகின்றார். அதற்கு ஒரு மின்வசதியும் தேவையில்லை; குழந்தைக்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு என்னும் நம்பிக்கை ஆசிரியரிடம் இருந்தாக வேண்டும். இறைவன் எல்லா உயிர்க்குள்ளும் உறைகின்றான் என்று திருக்கோயிலில் கைகூப்புபவருக்கு, இது அரிய நம்பிக்கையும் அன்று.

கபிலரிடம் கற்ற மன்னன் பின்னர் என்னவானான்? குறுந்தொகையின் 184-ஆம் பாடலைப் பாடியவர் ஆரிய அரசன் யாழ்ப்பிரமதத்தன். அவரும் கபிலரின் மாணாக்கரும் ஒருவரே என்று கருதும் அறிஞர் உளர். அப்பாடலில் மலையும் இல்லை, தினைப்புனமும் இல்லை. அது கடற்கரைச் சோலையையும், அங்கே வாழும் பரதவர் மகளையும் பற்றியது.