வரம்பைத் தாண்டிய ஓய்வுகாலச் சேமிப்பு

அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியர்கள் பலருடைய ஓய்வுகாலச் சேமிப்பு 401(கே) திட்டத்தில் சேர்கிறது. இந்தியாவின் பி.எஃப். போல இதுவும் சம்பளத்தில் பிடித்தம் செய்து போடப்படும் பணம். வழக்கமான 401(கே) கணக்கில் போடும் தொகைக்கு அந்த ஆண்டு வருமான வரி இல்லை. பின்னாளில் எடுக்கும்போது வரி கட்ட வேண்டும். இந்தச் சலுகைக்கு அரசு ஆண்டுதோறும் ஓர் உச்சவரம்பு அறிவிக்கிறது. 2025-ஆம் ஆண்டுக்கு அது 23,500 டாலர். ஐம்பது வயது நிறைந்தவர்கள் அந்த ஆண்டில் கூடுதலாக 7,500 டாலர் போடலாம். நிறுவனம் தன் பங்குக்குப் போடும் பணம் இந்த வரம்புக்குள் வராது.

வரம்பு ஆளுக்கு ஒன்றுதான். எத்தனை நிறுவனங்களில் வேலை பார்த்தாலும் அது அதிகரிக்காது. ஆண்டின் நடுவில் வேலை மாறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள். ஐம்பது வயதாகாத ஒருவருக்கு 2025-இல் முதல் நிறுவனம் 14,000 டாலரும் அடுத்த நிறுவனம் 12,000 டாலரும் பிடித்திருப்பதாகக் கொள்வோம். முன்னது பிடித்தது பின்னதற்குத் தெரியாது. இரண்டும் தனித்தனியே டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்று தருகின்றன. அதன் பன்னிரண்டாம் கட்டத்தில் ‘டி’ என்ற எழுத்துக்கு எதிரே 401(கே) பிடித்தம் இருக்கும். இரண்டையும் கூட்டினால் 26,000. வரம்பைத் தாண்டியது 2,500 டாலர்.

இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஊழியருடையது. ஏதாவது ஒரு திட்டத்தின் நிர்வாகியிடம் தெரிவித்து, 2,500 டாலரையும் அது ஈட்டிய லாபத்தையும் 2026 ஏப்ரல் 15-க்குள் திரும்பப் பெற வேண்டும். வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய அவகாசம் வாங்கியிருந்தாலும் இந்தத் தேதி தள்ளிப்போகாது.

பணம் எந்த ஆண்டில் கைக்கு வந்தாலும், 2,500 டாலர் 2025-ஆம் ஆண்டின் வருமானமே. அதை அந்த ஆண்டுக் கணக்கில் சம்பளத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். லாபத்துக்கு மட்டும், பணம் திரும்பி வந்த 2026-இல் வரி. பணம் எடுத்ததற்கான 1099-ஆர் படிவம் 2027 ஜனவரியில்தான் வரும். அதற்காகக் காத்திருந்தால் 2025 கணக்கில் அந்த வருமானம் விடுபட்டுப் போகும். படிவத்தில் ‘பி’ என்ற குறியீடு இருந்தால், அந்தத் தொகைக்கு முந்தைய ஆண்டில் வரி என்று பொருள். உரிய நேரத்தில் எடுத்த பணத்துக்கு, முன்கூட்டி எடுப்பதற்கான பத்து சதவீதக் கூடுதல் வரி கிடையாது.

ஏப்ரல் 15 தவறினால் அதே பணத்துக்கு இரண்டு முறை வரி விழும்: போட்ட ஆண்டில் ஒரு முறை, பின்னாளில் எடுக்கும்போது இன்னொரு முறை.

தனிநபர்கள் தாமே தொடங்கும் ஐஆர்ஏ கணக்குக்கு விதி வேறு. 2025-இல் அதன் வரம்பு 7,000 டாலர். ஐம்பது வயது நிறைந்தவர்களுக்கு 8,000. அதன் ஒரு வகையான ரோத் ஐஆர்ஏவில், வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் போடும் உரிமையே குறைந்து, பிறகு இல்லாமலும் போகும். அதிகமாகப் போட்ட பணத்துக்கு, அதைச் சரிசெய்யும் வரை ஆண்டுதோறும் ஆறு சதவீதத் தனி வரி உண்டு. ஆயிரம் டாலர் அதிகமென்றால் ஆண்டுக்கு 60 டாலர். அதை 5329 என்ற படிவத்தில் காட்ட வேண்டும்.

இங்கே அவகாசம் சற்றுத் தாராளம். வரிக் கணக்கை உரிய காலத்தில் தாக்கல் செய்தவர்கள், அதிகப்படியான பணத்தையும் அதன் லாபத்தையும் அடுத்த ஆண்டு அக்டோபர் 15 வரை எடுத்துவிடலாம். ஆறு சதவீத வரி வராது. லாபத்தைப் பணம் போட்ட ஆண்டின் வருமானமாகக் காட்ட வேண்டும். ஏற்கெனவே கணக்குத் தாக்கலாகியிருந்தால் திருத்தக் கணக்கு அவசியம். தவணை தப்பியவர்கள் அந்த ஆண்டுக்கான ஆறு சதவீதத்தைக் கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு வரம்பில் இடம் இருந்தால் அதிகத் தொகையை அங்கே நேர்செய்துகொள்ளலாம்.